சோதனைக்குப் பிறகு கோப்பு எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமைச்சராக இருந்த ஒருவர் வீட்டில் லஞ்ச ஒழிப்புத்துறை சோதனை நடத்தினால் மறுநாள் முதல் பக்கம் முழுக்க அதுதான்: எத்தனை இடங்கள், எத்தனை சவரன், எவ்வளவு ரொக்கம். இரண்டு மூன்று நாளில் அந்தச் செய்தி ஓய்ந்துவிடுகிறது. வழக்கின் தலையெழுத்து முடிவாவது அதற்கு முன்னும் பின்னும், செய்தியாளர் யாரும் போகாத மேசைகளில். பொதுப்பணத்தில் கைவைத்த மாநில அரசியல்வாதிகள் தப்பிப்பதற்குச் சட்டத்தில் தண்டனை போதாதது காரணமில்லை. கோப்பு நடுவழியில் நின்றுபோகும் இடங்கள் சில இருக்கின்றன. அங்கே போய் 'எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது?' என்று கேட்க ஆளில்லை. அந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சட்டம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. முதலமைச்சரும் அமைச்சர்களும் 'பொது ஊழியர்' என்ற வரையறைக்குள் வருவார்கள் என்று 1979-லேயே, மு. கருணாநிதி தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஊழல் குற்றம் பற்றி எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்பது 1984-ல் மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அந்துலே வழக்கில் உறுதியானது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றால், அது வெறும் அபராதமாக இருந்தாலும் ஆறு ஆண்டு தகுதியிழப்பு உண்டு; சிறை என்றால் சிறைக்காலமும், வெளியே வந்தபின் ஆறு ஆண்டும். மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் நீடிக்கும் வசதியை 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கின் தீர்ப்பு நீக்கியது. அதனால்தான் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டித்தபோது ஜெயலலிதா முதல்வர் பதவியையும் சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் இழந்தார். அவையில் வாக்களிக்க லஞ்சம் வாங்கியவரைச் சிறப்புரிமை காக்காது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு சீதா சோரன் வழக்கில் சொன்னது. ஆயுதம் கையில் இருக்கிறது. அதை எடுக்கவிடாமல் தடுப்பது காலதாமதம்.

தாமதம் தணிக்கையிலேயே தொடங்குகிறது. சிஏஜி (அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அலுவலகத்தின் தணிக்கையாளர்கள் தாங்கள் கண்டதை முதலில் ஆய்வறிக்கையாக அந்தந்த அலுவலகத்துக்கே தருகிறார்கள். அவற்றில் பெரியவை வரைவுப் பத்திகளாகத் துறைச் செயலருக்குப் போகும். ஆறு வாரத்தில் பதில் கேட்பார்கள். பதில் வராதபோது, 'பதில் பெறப்படவில்லை' என்ற வரியோடு பத்தி அச்சாகிவிடும். அறிக்கையைப் படிப்பவர்கள் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். மறுக்க முடிந்ததைத் துறை மறுத்துவிடும். மறுக்க முடியாததற்குத்தான் பெரும்பாலும் மௌனம். அச்சான அறிக்கை அரசமைப்பின் 151(2) பிரிவின்படி ஆளுநருக்குப் போய், பிறகு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்தால் விவாதமும் நடக்காது. அதன்பின் சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழு அதை ஆராய வேண்டும். மின்வாரியம், போக்குவரத்துக் கழகம் போன்றவை என்றால் பொது நிறுவனங்கள் குழு. இந்தக் குழுக்கள் ஒரு பத்தியைக் கையில் எடுக்கும்போது பல ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அந்த ஆண்டுகளின் விலை என்ன என்பதற்கு ஒரே ஒரு விதியைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றுவிட்ட அரசு ஊழியர்மீது, நான்கு ஆண்டுக்கு முன் நடந்த ஒன்றுக்காகப் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 9-ஆவது விதி இடம் தராது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பொறியாளரும் கோப்பை மேலே அனுப்பிய அதிகாரியும் அந்த நான்கு ஆண்டைத் தாண்டிவிட்டால் அவர்களுக்கு எந்த நெருக்கடியும் இல்லை. நெருக்கடி இல்லாதவர், 'இன்னார் சொல்லித்தான் செய்தேன்' என்று ஏன் சொல்லப்போகிறார்? அமைச்சருக்கு எதிரான முதல் சாட்சி இப்படித்தான் கைநழுவுகிறது.

டெண்டர் விஷயத்துக்கு வருகிறேன். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் நன்றாகவே எழுதப்பட்டவை. 2 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது 20-ஆவது விதி. குறைக்கலாம், ஆனால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலே உள்ளவர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். ஆகவே ஒரு பெரிய வேலையின் டெண்டர் ஏழெட்டு நாளில் மூடப்பட்டிருந்தால் தேடவேண்டிய தாள் அந்த அனுமதிக் குறிப்பு ஒன்றுதான். அது இல்லையென்றால் விதிமீறல் அங்கேயே நிரூபணம். இருந்தால், யார் அவசரப்படுத்தினார் என்பது அதிலேயே இருக்கும். சிறுசிறு வேலைகளை ஒரே 'பேக்கேஜ்' ஆகக் கட்டித் தகுதி வரம்பை உயர்த்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டியிட்டவர்களின் வங்கி வரைவோலை எண்கள் அடுத்தடுத்து வருகின்றனவா, ஒரே ஐபி முகவரியிலிருந்து இரண்டு ஒப்பந்தப்புள்ளிகள் ஏற்றப்பட்டனவா, தோற்றவர் எல்லாரும் மதிப்பீட்டைவிட ஒரே அளவில் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்களா என்பதையும் ஒப்பிடலாம். டெண்டரில் தோற்ற நிறுவனம் மேல்முறையீடு செய்ய 10 நாள் உண்டு. தோற்க ஒப்புக்கொண்டு வந்தவர் அதைச் செய்யமாட்டார்.

வேலை நடந்த இடத்திலும் கணக்கு பேசும். 1 கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் தார்க்கலவை என்றால் 112.5 கன மீட்டர். 25 மில்லிமீட்டர் மட்டுமே போட்டால் 93.75. வித்தியாசம் 18.75 கன மீட்டர். எடையில் சுமார் 43 டன். கண்ணுக்குத் தெரியாத ஐந்து மில்லிமீட்டர்தான், ஆனால் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் 30 என்று எழுதிப் பில் போட்டால் அந்த 43 டன்னுக்கும் பணம் போகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். சுரண்டியதாகப் பில்லில் இருந்து, வீட்டு வாசற்படி முன்பைவிடத் தாழ்ந்து கிடந்தால், அந்தப் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு தாளை மட்டும் தருவதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. இதைக் கேட்பவர் மிகக் குறைவு.

இங்கே ஒரு தடை வரும். அளவுப் புத்தகத்தில் அமைச்சரின் கையெழுத்து இருக்காது. ஒப்பந்தத்திலும் இருக்காது. அவருடைய கை தெரியும் இடம் நிர்வாக ஒப்புதல் கோப்பின் குறிப்புப் பகுதி. மதிப்பீடு ஏன் திருத்தப்பட்டது, நிதித்துறை எழுதிய ஆட்சேபம் எப்படித் தாண்டப்பட்டது, 'பேசினேன்', 'விவாதித்தபடி' என்ற ஒற்றை வரிகளை யார் எழுதினார் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். பலர் அரசாணையின் நகலை மட்டும் கேட்டு ஏமாறுகிறார்கள். 'மேற்படி அரசாணை பிறப்பிக்கப்பட்ட கோப்பின் குறிப்புப் பகுதி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை' என்று கேட்க வேண்டும். தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள். அது தவறினால் அல்லது மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் உண்டு என்பதை மேல்முறையீட்டில் மறக்காமல் எழுதிக் கோருங்கள். கேட்காமல் அது விதிக்கப்படுவது அரிது. லஞ்ச ஒழிப்புத்துறைக்கு 2008-ல் தமிழக அரசு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது உண்மைதான். ஆனால் விலக்குத் தரும் அதே 24(4) பிரிவு, ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு விலக்கு இல்லை என்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் இந்த வரியைச் சுட்டி மேல்முறையீடு செய்ய வேண்டும்.

அடுத்த நிறுத்தம் மிக முக்கியமானது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். பொது ஊழியர் தம் பணியில் செய்த பரிந்துரையோ எடுத்த முடிவோ தொடர்பான குற்றம் என்றால், முன்அனுமதி இல்லாமல் விசாரிக்கவே கூடாது. அனுமதி தர வேண்டியவர் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். காரணம் எழுதி இன்னும் ஒரு மாதம் நீட்டலாம். விசாரணை முடிந்தபின் வழக்குத் தொடர 19-ஆம் பிரிவின்படி மறுபடியும் அனுமதி, அதற்கும் ஏறக்குறைய அதே கெடு. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ஆளுங்கட்சிக்காரர் மீதான கோப்பு எத்தனை மாதம் கிடந்தாலும் கேட்பவர் இல்லாமல் போனதற்கு இந்தக் குறைதான் வழி. இதில் நடைமுறை யோசனை ஒன்று உண்டு. டெண்டர் முறைகேட்டையும் சொத்துக்குவிப்பையும் ஒரே புகாரில் கலக்காதீர்கள். 17ஏ பிரிவின் வாசகம் 'பரிந்துரை அல்லது முடிவு' என்றே இருக்கிறது. வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்தது அரசுப் பணியில் எடுத்த முடிவு ஆகாது. கலந்து எழுதினால் முழுப் புகாரும் அனுமதிக்காகக் காத்துக்கிடக்கும்.

புகாரை எப்படி எழுதுவது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. 'கோடிக்கணக்கில் கொள்ளை' என்ற சொற்களால் பயனில்லை. அரசாணை எண், டெண்டர் எண், தேதி, மீறப்பட்ட விதி, இழப்புத் தொகையும் அதைக் கணக்கிட்ட முறையும், பயனடைந்தவர், இணைத்துள்ள ஆவணங்கள் இருந்தால் போதும். ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகையை வைத்திருங்கள். குற்றம் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்பது 2013-ஆம் ஆண்டின் லலிதா குமாரி தீர்ப்பு. ஊழல் வழக்குகளில் பூர்வாங்க விசாரணைக்கு மட்டும் அது இடம் தருகிறது. நடவடிக்கை இல்லையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173(4), 175(3) பிரிவுகளின் வழியே, பிரமாணப் பத்திரத்தோடு நீதிமன்றம் போகலாம். அப்போது அந்த ஒப்புகை அட்டைதான் முதல் சான்று.

சொத்துக்குவிப்பு வழக்கில் எல்லாம் எண்கள். லஞ்ச ஒழிப்புத்துறை ஏழு பட்டியல்கள் போடும்: விசாரணைக்கு எடுத்துக்கொண்ட காலத்தின் தொடக்கத்தில் இருந்த சொத்து, முடிவில் இருந்த சொத்து, இடையில் வந்த வருமானம், செலவு, சேர்ந்த சொத்து, சேமித்திருக்கக்கூடிய தொகை, மிகை. உதாரணத்துக்கு, தொடக்கத்தில் 1 கோடி, முடிவில் 6 கோடி, வருமானம் 3 கோடி, செலவு 1 கோடி என்று கொள்வோம். சேர்ந்தது 5 கோடி. சேமித்திருக்க முடிந்தது 2 கோடி. மிகை 3 கோடி, அதாவது வருமானத்தில் 100 சதவீதம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்ற கணக்கு 1977-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றிலிருந்து வருகிறது. எனவே வழக்கை வீழ்த்த நினைப்பவர் சொத்தை மறைக்கவே தேவையில்லை. வருமானப் பட்டியலில் விவசாய வருமானம், கடன், அன்பளிப்பு என்று ஏற்றினால், அல்லது கட்டட மதிப்பைக் குறைத்தால் போதும். 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தபோது மிகை 8.12 சதவீதம் என்று கண்டது. அதற்கு அடிப்படையான கடன் பட்டியலின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று தீர்ப்பில் இருந்தது; கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. பதிமூன்றரைக் கோடி வித்தியாசம். திருத்திப் போட்டால் மிகை 76 சதவீதத்தைத் தாண்டும். அந்தத் தவறு 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றத்தில் சரியானது. அதற்குள் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஜெயலலிதா இறந்துவிட்டார். 1997-ல் குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்கு அது. சென்னையில் ஆட்சி மாறியபின் சாட்சிகள் பலர் திரும்ப அழைக்கப்பட்டுப் பிறழ்ந்ததால்தான் 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கர்நாடகத்துக்கு மாற்றியது.

ஆட்சி மாற்றம் என்பது இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் நோய். ஒரு ஆட்சியில் குற்றப்பத்திரிகை; அடுத்த ஆட்சியில் அதே துறை 'மேல் விசாரணை' நடத்தி, முன்பு ஏற்காத வருமானத்தை ஏற்று, குற்றமில்லை என்று அறிக்கை தரும்; கீழ் நீதிமன்றம் விடுவிக்கும்; அரசு மேல்முறையீடு செய்யாது. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி முடிந்துபோன வழக்குகள் சிலவற்றைத் தாமாக முன்வந்து மறு ஆய்வுக்கு எடுத்தார். அவற்றில் இரு கழகங்களையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்குகளில் யார் குற்றவாளி என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு நீதிபதி தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்ததால் மட்டுமே அவை வெளியே வந்தன என்பதுதான் எனக்கு முக்கியம். விடுதலைக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்யக் கெடு 90 நாள். அந்த 90 நாளும் செய்தித்தாளில் எண்ணப்பட வேண்டிய நாட்கள். மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியின்றி அரசு திரும்பப் பெற முடியாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. வாபஸ் வாங்கும் கதவு அடைபட்டது. மேல்முறையீடு செய்யாமல் விடும் கதவு திறந்தே இருக்கிறது.

ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பான லோக் ஆயுக்தா பற்றிச் சுருக்கமாக. 2018 ஜூலையில் நம் சட்டமன்றத்தில் மசோதா வந்தபோது, டெண்டரும் நியமனமும் வரம்புக்கு வெளியே விடப்படுவதாகச் சொல்லி அன்றைய எதிர்க்கட்சியான திமுக வெளிநடப்பு செய்தது. அடுத்த மாநிலத்தைப் பாருங்கள்: கர்நாடகத்தின் 1984-ஆம் ஆண்டுச் சட்டம், சட்டமன்ற உறுப்பினர்களும் அமைச்சர்களும் ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் சொத்துக் கணக்கை லோக் ஆயுக்தாவிடம் தரவேண்டும் என்கிறது. 2011-ல் அங்கே சுரங்க முறைகேடு பற்றிய லோக் ஆயுக்தா அறிக்கைக்குப் பிறகு முதல்வர் எடியூரப்பா பதவி விலக நேர்ந்தது. இங்கே வாக்காளர் கைக்கு வருவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேட்புமனுவோடு வரும் படிவம் 26, அதாவது வேட்பாளரின் சொத்து விவரம் அடங்கிய பிரமாணப் பத்திரம் மட்டும். இரண்டு தேர்தல்களின் படிவங்களைப் பக்கத்தில் பக்கம் வைத்து, மனைவி, பிள்ளைகள் பெயரில் உள்ள சொத்தையும் வருமான மூலத்தையும் ஒப்பிடுவது எந்த வாசகராலும் ஆகிற வேலை.

தொகுதி மேம்பாட்டு நிதியையும் விட்டுவிடக்கூடாது. ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி. 234 தொகுதிக்கு 702 கோடி. உறுப்பினர் பரிந்துரைப்பார், ஆட்சியர் ஒப்புதல் தருவார். ஆண்டுவாரியான வேலைப் பட்டியலைக் கேட்டு வாங்கி நேரில் போய்ப் பார்த்தால், ஒரே கட்டடம் இரண்டு திட்டங்களின் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அரசிடம் கேட்பது அதிகமில்லை. சிஏஜி அறிக்கை கைக்கு வந்த 30 நாளுக்குள் அவையில் வைக்க விதி வேண்டும். 17ஏ, 19 பிரிவுகளின் கீழ் வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் பெற்ற தேதியும் முடிவெடுத்த தேதியும் கொண்ட பதிவேடு இணையத்தில் வேண்டும். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதன் காரணமும் யார் முடிவு என்பதும் அவையில் வைக்கப்பட வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கடந்த ஐந்து ஆண்டில் 17ஏ பிரிவில் வந்த கோரிக்கைகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் வந்த தேதி, முடிந்த தேதி ஆகியவற்றை மட்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெயர்களைக் கேட்க வேண்டாம். பெயர் இல்லையென்றால் தனிநபர் தகவல் என்றோ விசாரணைக்கு இடையூறு என்றோ மறுக்க வழியிருக்காது. வந்த பதிலை மாதம் ஒருமுறை, ஒரு சிறு கட்டத்தில், நாட்களின் எண்ணிக்கையோடு வெளியிடுங்கள். பதில் தர மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் அதே கட்டத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்